ஆடு தொடாத செடி

நம் வயதுக்காரர்களுக்கு இப்போது பேச மூன்று விஷயங்கள்தான் இருக்கின்றன: முழங்கால், மாத்திரை, வெளியூரில் இருக்கும் பிள்ளைகள். தினமும் காலையில் அவற்றைப் பேசி முடிப்பதற்கும் நம் நடை முடிவதற்கும் சரியாக இருக்கிறது. போன வாரம் ரயில்வே கேட் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது உங்களில் ஒருவர் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்துக் கிடந்த செடியைக் காட்டி, "இது என்ன செடி, எங்க பார்த்தாலும் இருக்கு? அழகாத்தான் இருக்கு" என்றார். நான் பதில் சொல்லாமல் வேகமாக முன்னால் போய்விட்டேன். கோபமா என்று பிறகு கேட்டீர்கள். கோபமில்லை. வாயைத் திறந்திருந்தால் நடுரோட்டில் அழுதிருப்பேன். அறுபதைத் தாண்டியவள் ஒரு களைச்செடியைப் பார்த்து அழுதால் நீங்கள் என் மகனுக்குப் போன் போட்டிருப்பீர்கள். அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம். எனக்குப் பத்து வயது. காரைக்குடிக்கும் புதுவயலுக்கும் இடையில் எங்கள் ஊர். அப்பா புதுவயலில் ஒரு அரிசி ஆலையில் இன்ஜின் பார்த்தார். வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்புறம் சித்தி. சித்தி அம்மாவின் தங்கை. பெற்றவர்கள் இருவரும் சீக்கிரமே போய்விட்டதால் அம்மாதான் அவளை வளர்த்தாள். கல்யாணமாகி வரும்போது ஒரு கையில் டிரங்குப் பெட்டியும் இன்னொரு கையில் தங்கச்சியுமாக வந்து இறங்கியவள் என்று அப்பா கேலி செய்வார். நாங்கள் வேதக்காரர்கள், கோவில் என்று எழுதினால் மாதா கோவிலைச் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சித்தி டீச்சர் டிரெயினிங் முடித்து, கோவிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு எடுத்தாள்.

சித்திக்குத் தன் முகத்தின் மேல் கொஞ்சம் பெருமை உண்டு. காலையில் கண்ணாடி முன்னால் நின்று ஸ்நோ தடவி, அதற்கு மேல் பவுடர் ஒற்றி, புருவத்தை விரலால் நீவிவிட்டுத்தான் கிளம்புவாள். நான் பக்கத்தில் நின்று மிச்சப் பவுடருக்குக் காத்திருப்பேன். அந்த வருஷம் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை திருப்பத்தூர்ப் பக்கம், அவரும் வாத்தியார். பெண் பார்க்க வந்த அன்று எனக்கு ஒரு முனை சிவப்பு, ஒரு முனை நீலம் என்று ஒரு பென்சில் கொடுத்தார். அதை எங்கேயோ தொலைத்தேன். பொங்கல் கழிந்து, தவக்காலம் தொடங்குவதற்குள் கல்யாணம் என்று பேச்சு.

இப்போது செடி. அது எப்போது வந்தது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் கோதுமை ரவை உப்புமா தின்று வளர்ந்தவர்கள். அமெரிக்காவிலிருந்து வந்த மூட்டை, அதன் மேல் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்கிற படம். அந்தத் துணியில் டவுசர் தைத்துப் போட்டவர்கள் உங்களிலும் இருக்கிறீர்கள், மறுக்க வேண்டாம். அந்தக் கோதுமையோடுதான் விதை வந்தது என்று பிற்பாடு சொன்னார்கள். இருக்கலாம். புடைத்த தூசியைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்தான் கொட்டுவார்கள். செடியும் முதலில் அங்கேதான் தலைகாட்டியது. கேரட் இலை மாதிரி இலை, ஜவ்வரிசி அளவில் பூ. ஜவ்வரிசிச் செடி என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். முதல் வருஷம் பத்துப் பதினைந்து செடி இருந்திருக்கும். அடுத்த வருஷம் மைதானத்தில் பாதி போய்விட்டது.

ஐப்பசி மழைக்குப் பிறகு அது எங்கள் இடுப்புக்கு வந்தது. கபடிக் கோடு தெரியவில்லை. ஒரு சனிக்கிழமை சித்தி தன் வகுப்பையும் எங்கள் வகுப்பையும் கூட்டிக்கொண்டு மைதானத்தில் இறங்கினாள். நாற்பது பேர் வரிசையாக நின்று வெறுங்கையால் பிடுங்கினோம். ஈர மண், சுலபமாக வந்தது. உள்ளங்கையெல்லாம் பச்சையாகி, கசப்பாக ஒரு வாசனை. பூவை உருவி ஒருவர் தலையில் ஒருவர் கொட்டி விளையாடினோம். எனக்கு அந்த நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தது. மறுநாள் சித்திக்கு முழங்கை மடிப்பில் லேசாக அரித்தது.

எங்கள் நாற்பது பேரில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்களை நீங்கள் திட்டத் தொடங்கும்போது உதவும்.

மூன்று வாரத்தில் மைதானம் மறுபடியும் நிறைந்துவிட்டது, முன்னைவிட அடர்த்தியாக. சித்தி தினம் அதன் நடுவில் இருந்த ஒற்றையடிப் பாதையில்தான் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்தாள். மார்கழியில் கோவிலில் கிறிஸ்துமஸ் குடில் கட்டும் வேலையும் அவள் பொறுப்புத்தான். வைக்கோல் கூரை, மண் ஆடு, மண் ஒட்டகம் எல்லாம் இருந்தன. மரத்துக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது நான்தான் ஜவ்வரிசிச் செடியைச் சொன்னேன். கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து குடிலைச் சுற்றி நட்டோம். வாழ்த்து அட்டையில் வருமே, பனி விழுந்த மரம், அசல் அப்படியே. பங்குச் சாமியாரே நின்று பார்த்து மெச்சினார். சித்தி மூன்று நாள் அதற்குள் முகத்தை விட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக நிறுத்தினாள். கிறிஸ்துமஸ் அன்று காலையில் அவளுடைய கண் இமைகள் வீங்கி ஒட்டிக்கொண்டிருந்தன.

காரைக்குடியில் ஊசி போட்டார்கள், பூசிக்கொள்ள மருந்து கொடுத்தார்கள். ஒரு வாரம் அடங்கும், மறுபடியும் வரும். முகம், கழுத்து, இரண்டு கை. துணி மூடிய இடத்தில் ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்கு ஒன்றரை மாதம்தான் இருந்தது. அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத பூச்சி எதுவோ கடித்து விஷம் ஏறிவிட்டது, அதுதான் காணாக்கடி, அதற்குப் பார்க்க வேண்டிய இடம் ஆஸ்பத்திரி இல்லை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். கானாடுகாத்தானில் ஒருவர் இருக்கிறார், காணாக்கடிக்குத் தழை கொடுப்பதில் கைராசிக்காரர் என்றார்கள். சாமியாருக்குத் தெரிந்தால் திட்டுவார் என்று அவருக்குத் தெரியாமல் போனோம்.

அவர் ஒரு பூட்டிய வீட்டுக்குக் காவல்காரர். வீட்டுக்காரர்கள் கடல் கடந்து எங்கோ இருந்தார்கள். ஒரு தெருவில் நுழைந்து அடுத்த தெருவில் வெளியேறுகிற அவ்வளவு பெரிய வீட்டில், பின்கட்டில் ஒரு அறையில் அவர் மட்டும் இருந்தார். கூடவே ஏழெட்டு ஆடுகள். பின்வாசல் திறந்தவெளி முழுக்க ஆடு மேய்ந்து மொட்டையாகக் கிடந்தது. ஜவ்வரிசிச் செடி மட்டும் தலை நிமிர்ந்து நின்றது.

சித்தியின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "காணாக்கடிதான் தாயி" என்றார். "எது கடிச்சுச்சுன்னு கேக்காதீக, எனக்கும் தெரியாது. உங்க வேதத்துல மந்திரிக்கிறத ஒத்துக்கிற மாட்டாக. நான் மந்திரிக்கல. தழை மட்டும் தாரேன்."

"எந்தத் தழைனாலும் சரி, பொங்கல் கழிஞ்சு கல்யாணம்" என்றாள் அம்மா.

அவர் கொஞ்ச நேரம் ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கப்பன் காலத்துலருந்து ஒரு தழை அரைச்சுக் குடுப்போம். கண்மாய்க் கரையில கெடக்கும். அதுல ஆடு வாய வைக்காது. ஆடு வாய வைக்காத தழையிலதான் வெசத்த முறிக்கிற குணம் இருக்கும். ரெண்டு வருசமா அது மொளைக்கக் காணோம், கரை பூராத்தையும் இது மூடிக்கிருச்சு" என்று செடியைக் காட்டினார். "நானும் பாக்குறேன். இத்தன ஆடு நிக்குது. ஒரு எலைய விட்டு வைக்கல. இத மட்டும் மோந்து பாத்துட்டு அங்குட்டுப் போயிருது. அப்ப இதுவும் அந்தக் குணந்தான். அது எடத்துக்கு இது வந்திருக்கு."

அந்த மனிதரை நான் ஏமாற்றுக்காரர் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அவர் எங்களிடம் ஒன்றும் வாங்கவில்லை. கண்ணால் பார்த்ததை வைத்து யோசித்தார், அவ்வளவுதான். "எங்க பள்ளிக்கூடத்துல இது நெறைய இருக்கு" என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். "அப்ப நீதான் கம்பவுண்டர்" என்று என் தலையில் கைவைத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு மண்டலம் பூச வேண்டும், உப்பும் புளியும் கூடாது, எரியும், எரிந்தால்தான் விஷம் இறங்குகிறது என்று அர்த்தம், பாதியில் நிறுத்தக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் பனையோலைக் கொட்டானை எடுத்துக்கொண்டு நான் மைதானத்துக்குப் போவேன். பூ விட்ட கொழுந்தாகப் பார்த்துப் பறிப்பேன். அம்மா மஞ்சள் சேர்த்து அம்மியில் வெண்ணெயாக அரைப்பாள். பிறகு சித்தியைக் கிணற்றடியில் உட்காரவைத்து நெற்றியிலிருந்து விரல் நுனிவரை பூசுவாள். அம்மாவின் கை அவ்வளவு மெதுவாகப் போகும். எனக்குத் தலை வாரும்போது அந்த மெதுவை நான் கண்டதில்லை.

"எரியுதுக்கா."

"எரியட்டும்டி. எரிஞ்சாத்தான் எறங்கும்னு சொன்னாகல்ல. கொஞ்சம் பொறுத்துக்க, என் ராசாத்தி."

சித்தி பொறுத்துக்கொண்டாள். உப்பில்லாத கஞ்சியைக் குடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு பொறுத்துக்கொண்டாள். பத்து நாளில் முகம் கறுத்தது. பிறகு தோல் தடித்தது. காது மடல் தடித்துத் தொங்கியது. தேய்த்துத் தேய்த்துப் புருவ முடி உதிர்ந்தது. அவள் வகுப்புப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து ஏதோ பேசிவிட்டுப் போனார்கள். கல்யாணம்வரைக்கும் லீவில் இருக்கும்படி தலைமையாசிரியை சொல்லிவிட்டார். கண்ணாடியை அம்மா எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டாள். அந்த முகத்தைப் பார்த்தால் நம் காலத்து ஆட்களுக்கு முதலில் எந்த வியாதி ஞாபகம் வரும் என்று உங்களுக்கே தெரியும். எங்கள் வீட்டில் மட்டும் அந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை.

எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், இதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லக் கடவார்கள் என்று பூசையில் எல்லோரும் கேட்க வாசிப்பது. முதல் ஓலைக்குச் சித்தி முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்தாள். பெயரை வாசித்ததும் நான் அவளை முழங்கையால் இடித்தேன். முக்காட்டுக்குள் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். இரண்டாம் ஓலையின்போது எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராகத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த வாரம் மாப்பிள்ளையின் அம்மா சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்திருந்தார். சித்தியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, அன்பாகத்தான், முக்காட்டை விலக்கினார். காதைப் பார்த்தார். புருவத்தைப் பார்த்தார். "வெயில்ல ரொம்ப அலையாத தாயி" என்று மட்டும் சொன்னார். அம்மா கொடுத்த காப்பியைக் கையில் வாங்கிக் கீழே வைத்தார். பேசிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. அவர் போன பிறகு காப்பியில் ஆடை கட்டிக் கிடந்தது. அம்மா அதை வெகுநேரம் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை சித்தி வரவில்லை. சாமியார் இரண்டு ஓலைகளை வாசித்தார். இரண்டும் வேறு வீட்டுப் பிள்ளைகளுடையது. பிறகு நோட்டை மூடினார். அம்மா காதில் விழவில்லை என்று நினைத்தவள்போல என்னைப் பார்த்தாள். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். எல்லோரும் எழுந்து நின்ற பிறகும் அம்மா உட்கார்ந்தே இருந்தாள்.

பூசை முடிந்து அப்பாவும் அம்மாவும் சாமியார் வீட்டுக்குப் போனார்கள். நானும் போனேன்.

"சர்வேசுரனுக்குத் தோத்திரம் சாமி. எங்க ஓலைய விட்டுட்டீக" என்றார் அப்பா.

"விடவில்லை, நிறுத்தி வைத்திருக்கிறேன். ஒரு தடை சொல்லியிருக்கிறார்கள்."

"யாரு சாமி சொன்னாக?"

"அதைக் கேட்கக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி, அந்த வியாதி இல்லை என்று ஒரு காகிதம் வாங்கி வாருங்கள். தவக்காலம் முடிந்து நானே வாசிக்கிறேன்." சாமியார் நல்லவர். அதைச் சொல்லும்போது அவருக்கும் முகம் சரியாக இல்லை.

கடற்கரைப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது, அந்த வியாதிக்கென்றே உள்ளது. அப்பா கொண்டுபோய் விட்டுவந்தார். இறகால் தடவிப் பார்த்து, ஊசியால் குத்திப் பார்த்து, எதற்கும் இருக்கட்டும் என்று அங்கேயே வைத்துக்கொண்டார்கள். வாரம் ஒரு கார்டு வரும். இரண்டாவது கார்டில் அரிப்பு நின்றுவிட்டது என்று எழுதியிருந்தாள். மூன்றாவதில் முகம் தெளிகிறது என்று எழுதியிருந்தாள். ஐந்து வாரம் கழித்து அப்பா கூட்டிவந்தபோது பழைய சித்தியே பஸ்ஸிலிருந்து இறங்கினாள். கொஞ்சம் கறுத்திருந்தாள், புருவம் இன்னும் முளைக்கவில்லை, மற்றபடி அவளேதான். நான் கத்திக்கொண்டு ஓடினேன். அப்பா கையில் இங்கிலீஷில் அடித்த காகிதம். அந்த வியாதி இல்லை, உடம்புக்குச் சேராத எதுவோ, எது என்று தெரியவில்லை என்று அப்பா படித்துச் சொன்னார்.

மறுநாள் அதே காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அப்பா திருப்பத்தூர் போனார். பொழுது சாயத் திரும்பி வந்தார். காகிதம் வேர்வையில் நனைந்து மடிப்பில் கிழிந்திருந்தது. "வேற எடத்துல நிச்சயம் பண்ணிட்டாகளாம்" என்றார். "மாப்பிள்ளை கண்ணுலயே தட்டுப்படல. அவுக அம்மாதான் பேசுனாக." சித்தி அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உரித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

காவல்காரர் ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார், மண்டலத்தை முடிக்காமல் பாதியில் விட்டது தப்பு, விஷம் திரும்பும் என்று. அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். "மாப்பிள்ளை போனாப் போறான். இவ மேலுக்குத் திரும்ப வரக் கூடாது" என்று என்னைக் கொட்டானோடு அனுப்பினாள். பங்குனி வெயிலில் மைதானம் காய்ந்து கிடந்தது. கிணற்றுத் தண்ணீர் ஓடும் இடத்தில்தான் பச்சையாகக் கொஞ்சம் இருந்தது. அரைத்தபோது ஒரு கைக்குத்தான் வந்தது. அம்மா வலது கையில் மட்டும் பூசினாள்.

அடுத்த நாள் காலையில் நான் முகம் கழுவப் போனேன். சித்தி கிணற்றடியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கை வீங்கிச் சிவந்திருந்தது. அம்மாவின் கால் சத்தம் கேட்டதும் முந்தானையை இழுத்து இரண்டையும் மூடினாள்.

அன்று மத்தியானம் சொன்னாள். "அக்கா, நான் ஆஸ்பத்திரிக்கே போயிர்றேன். அங்க இருக்குறவுக பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர ஆள் இல்லைன்னு மதர் சொன்னாக."

"ஒனக்கென்ன கிறுக்கா? அந்த வியாதி இல்லைன்னு இப்பத்தான் காயிதம் வாங்கியிருக்கு. நீயா போய் அங்க இருந்தா ஊரு என்ன சொல்லும்?"

"சொல்லட்டும்க்கா."

"நான் வளத்தது பத்தலையாடி ஒனக்கு?"

சித்தி எழுந்து பெட்டியை இறக்கித் துடைத்தாள். குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறினாள். அம்மா பஸ் நிற்கும் இடத்துக்கு வரவில்லை.

ஊர் என்ன சொல்லும் என்று அம்மா பயந்தாளோ அதைத்தான் ஊர் சொன்னது. வியாதி இல்லாதவள் எதற்கு அங்கே போய் இருக்கிறாள்? பள்ளிக்கூடத்துப் பானையில் நான் மொண்டு குடித்தால் அடுத்த பிள்ளை டம்ளரைக் கழுவிவிட்டுக் குடித்தது. அம்மா தங்கையைப் பார்க்கப் போகவே இல்லை. கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து வரும்; அப்பா பதில் எழுதுவார். "கூப்பிடட்டும், போறேன்" என்பாள் அம்மா. வளர்த்தவளை உதறிவிட்டுப் போய்விட்டாள் என்பதுதான் அவளுடைய ஆறாத குறை. அப்படியே இருபது வருஷம் ஓடியது. அப்பா போய்ச் சேர்ந்தார். எனக்குத் தபால் ஆபீசில் வேலை, கல்யாணம், பிள்ளை எல்லாம் ஆனது.

ஒருநாள் ஆபீசில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பேப்பர் புரட்டும்போது அந்தச் செடியின் படத்தைப் பார்த்தேன். பார்த்தீனியம் என்று பெயர் போட்டிருந்தது. வெளிநாட்டுக் களை, நாடு முழுக்கப் பரவிவிட்டது, சிலருக்கு மட்டும் தோலில் ஒவ்வாமை தரும், முகமும் கையும் தடித்துத் தொழுநோய் என்றே தவறாக நினைக்கும் அளவுக்குப் போகும், செடியை விட்டு விலகினால் சரியாகிவிடும் என்று எழுதியிருந்தது.  எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், அதை ஒளிக்க மாட்டேன். சித்திக்கு ஒன்றும் இல்லை என்று ஊர் முன்னால் காட்ட ஒரு அத்தாட்சி கிடைத்துவிட்டதே. பேப்பரை எடுத்துக்கொண்டு நேரே அம்மாவிடம் ஓடினேன். என்ன செய்கிறோம் என்று ஒரு நிமிஷம் நின்று யோசிக்கவில்லை.

அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். சத்தமாகப் படித்தேன். "இன்னொரு தடவ படி" என்றாள். படித்தேன். படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அரைச்சது நான்தான" என்றாள்.

"பறிச்சது நான்தாம்மா."

"நீ பிள்ளை. நான் அரைச்சேன். எரியுதுன்னு சொன்னா. நான் அமுக்கிப் பிடிச்சுப் பூசுனேன்."

அன்றிலிருந்து அம்மா தினமும் காலையில் கொல்லையில் அந்தச் செடியைப் பிடுங்கினாள். சாக்கடை ஓரம், தெரு ஓரம் எல்லாம் பிடுங்கினாள். அவள் பிடுங்க அது முளைத்தது. யார் சொல்லியும் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து என்னிடம் வந்து, "நீ போய் அவளப் பாத்துட்டு வா. நான்தான் அரைச்சுப் பூசிக் கெடுத்தேன்னு சொல்லு. நான் வரல, எந்த மொகத்த வச்சுக்கிட்டு வர்றது" என்றாள்.

வழி நெடுக பஸ் ஜன்னலில் அந்தச் செடியைப் பார்த்துக்கொண்டே போனேன். தேவகோட்டையைத் தாண்டியும் இருந்தது. உப்புக்காற்று வீசுகிற இடத்தில்தான் குறைந்தது. ஆஸ்பத்திரிக்கு இரண்டு மைல் முன்னால், பாலத்து ஓரத்தில் ஒரு கொத்து நின்றது. அதற்கப்பால் மணல்தான்.

சித்திக்கு நரைத்திருந்தது. முகம் தெளிவாக இருந்தது, புருவம் முளைத்திருந்தது. பிள்ளைகள் ஸ்லேட்டோடு சுற்றி நின்றார்கள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், பிறகு வேப்பமரத்தடியில் உட்காரவைத்து டீ வரவழைத்தாள். நான் பேப்பரை எடுத்து நீட்டினேன். படத்தைப் பார்த்ததும் படிக்காமல் மடித்தாள்.

"இது எனக்குத் தெரியும்டி" என்றாள். "வலது கையில மட்டும் பூசுனாளே, அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. பூசுன கை வீங்கியிருந்துச்சு, பூசாத கை அப்படியே இருந்துச்சு. அதுக்குப் பெரிய படிப்பா வேணும்?"

"பின்ன ஏன் சித்தி சொல்லல?"

"சொல்லி? கல்யாணந்தான் போயிருச்சே. திரும்ப வந்துருமா? அக்கா அவ கையாலயே பண்ணுனதுன்னு தெரிஞ்சா என்ன ஆவா? அவளுக்குப் பிள்ளை நீ மட்டுமா, நானும்தான. அங்க இருந்தா அந்தச் செடி திரும்பத் திரும்ப வரும், எனக்கும் திரும்பத் திரும்ப வீங்கும், என்னைக்காவது கண்டுபிடிச்சுருவா. அதான் வந்துட்டேன்." பிறகு சட்டென்று என் கையைப் பிடித்தாள். "நீ இத அக்காட்ட சொல்லலையே?"

 டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டு, "சொல்லல சித்தி" என்றேன்.

"நெசமா?"

"நெசமா."

சித்தி சிரித்தாள். எவ்வளவு பெரிய சிரிப்பு. "நல்லவேளை. சொல்லிறாத, என்ன? அவ கடைசி வரைக்கும் நிம்மதியா இருக்கட்டும்" என்றாள்.

திரும்பி வந்தபோது அம்மா வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். விரல் இடுக்கெல்லாம் மண்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"அரைச்சது நான்தான்னு சொன்னியா?"

"சொன்னேம்மா."

"என்ன சொன்னா?"

பஸ்ஸில் வந்த வழியெல்லாம் யோசித்தும் இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்கு ஒரு பொய் அகப்படவில்லை. கையில் இருந்தது ஒரே ஒரு உண்மை. "சிரிச்சாக" என்றேன்.

அம்மா விரலில் இருந்த மண்ணைத் தட்டினாள். "சிரிச்சாளா" என்றாள். "திட்டியிருந்தா ஆறியிருக்கும். அழுதிருந்தாலும் ஆறியிருக்கும். சிரிச்சிருக்கான்னா என்னயத் தள்ளி வச்சுட்டா. மன்னிக்க மாட்டா."

இல்லை என்று நிரூபிக்க வேண்டுமானால் சித்திக்கு அப்போதே தெரியும் என்பதையும், எதற்காக வீட்டை விட்டுப் போனாள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் அம்மா இருந்த கொஞ்ச நாளும் இருந்திருக்க மாட்டாள். சொல்லாமல் விட்டதால் தங்கை மன்னிக்கவில்லை என்ற நினைப்போடுதான் அடுத்த வருஷம் கண்ணை மூடினாள். இரண்டில் எது பரவாயில்லை என்று நீங்கள் சொல்லுங்கள். எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

"அப்படி இல்லம்மா" என்று மட்டும் சொன்னேன்.

"நீ சின்னப் பிள்ளை, ஒனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு அம்மா எனக்குச் சோறு போட உள்ளே போனாள்.